எண்ணிக்கையும் பெயரும்: ஓங்கோல் பாப்டிஸ்ட் சபை

1

1878ஆம் வருஷம் ஜூலை 3ஆம் தேதி, ஓங்கோலுக்கு வடக்கே பத்து மைலில், வெலும்பில்லி என்ற கிராமத்தருகே குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். முந்தின நாள் 614 பேர். மறுநாள் 700 பேர். மூன்று நாளுக்குமாகச் சேர்த்து 3,536. வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு எந்தத் தொகையையும் ஒரு தடவை கூட்டிப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. கூட்டிப் பார்த்தேன். சரியாகவே இருக்கிறது.

நீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஆறு தெலுங்கு போதகர்கள். இருவர் நீரில் நிற்பார்கள். களைத்ததும் கரையேறுவார்கள், அடுத்த இருவர் இறங்குவார்கள். பாப்டிஸ்டுகளுக்குத் தலையில் தண்ணீர் தெளித்தால் போதாது, ஆளை முழுக்க முக்கி எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. தன் விசுவாசத்தைத் தன் வாயால் சொல்லக்கூடியவருக்கு மட்டுமே உண்டு. ஆகவே அந்த எண், அவர்கள் கொள்கைப்படி, தனித்தனியே கேட்கப்பட்டு, தனித்தனியே பதில் சொல்லி, தனித்தனியே முங்கி எழுந்த ஆட்களின் எண்.

மிஷனரி உலகத்தில் இதற்குப் பெரிய கீர்த்தி. எருசலேமில் பெந்தெகொஸ்தே நாளன்று சுமார் மூவாயிரம் பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. ஒரே நாளில் அத்தனை பேரை முக்கி எடுப்பது நடக்கிற காரியமா என்று தெளிப்புக் கட்சிக்காரர்கள் கேட்டு வந்தார்கள். முழுக்குக் கட்சிக்கு ஓங்கோல் கணக்கு நல்ல சாட்சியாக அகப்பட்டது. செருப்புத் தைக்கும் மாதிகர்கள் அமெரிக்க இறையியல் புத்தகத்தில் ஒரு வாதத்துக்கு ஆதாரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

எதிர்த்தரப்புக்கும் இதே எண் உபயோகப்பட்டது. அது தாது வருஷப் பஞ்சம் முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிடலாம். முடித்தும் விட்டார்கள்.

இந்த இரண்டு வாசிப்புக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. இரண்டிலும் அந்த 2,222 பேர் எதையும் செய்வதில்லை. ஒன்றில் தேவன் செய்கிறார். மற்றதில் அரிசி செய்கிறது. அவர்கள் செய்தது என்ன என்று கேட்பது இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

2

எனக்கு இந்த அக்கறை புத்தகத்திலிருந்து வந்ததில்லை. நான் வேலை பார்க்கும் கிளை சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய்க்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. மேலே பறக்கும் ரயில், கீழே சாக்கடை. ஒருநாள் கௌண்டரில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பழைய பாஸ்புக்கையும் புதிய அடையாள அட்டையையும் நீட்டினார். இரண்டிலும் இரண்டு பெயர்கள். ஒன்று பைபிளிலிருந்து வந்தது, மற்றது ஊர்த் தெய்வத்திடமிருந்து. தகப்பனார் பெயரிலும் அதே கோளாறு. "ரெண்டும் நான்தான் சார்" என்றார். ரெண்டும் அவர்தான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. நோட்டரியிடம் அபிடவிட் வாங்கி வரும்படி திருப்பி அனுப்பினேன். போகும்போது பூர்வீகம் எது என்று கேட்டதற்கு, "ஓங்கோலு பக்கம்" என்றார்.

ஓங்கோல் என்றால் எனக்கு அதுவரை காளைதான் தெரியும். அந்த இரண்டு பெயர்கள் எப்போது, எதற்காக ஒரு மனிதன் மேல் வந்து ஒட்டிக்கொண்டன என்று தேடப் போய்த்தான் குண்டலகம்மா ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தேன்.

3

அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷன் நீண்ட தோல்வியில் தொடங்கியது. சாமுவேல் டே 1836ல் வந்தார். 1840ல் நெல்லூரில் நிலைகொண்டார். இருபத்தைந்து வருஷங்களில் கைவிரல் கணக்குக்குக் கொஞ்சம் மேலாகத்தான் ஆள் சேர்ந்தது. பணம் கொடுத்தவர்கள் மூடிவிடலாமா என்று ஒரு தடவைக்கு மேல் யோசித்தார்கள். 1853ல் நியூயார்க் மாகாணத்தின் ஆல்பனி நகரில் நடந்த கூட்டத்தில், வரைபடத்தில் நெல்லூர் ஒன்றே ஒன்றாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் காட்டி யாரோ 'ஒற்றை நட்சத்திரம்' என்றார்கள். அமெரிக்கர்களின் தேசபக்திப் பாட்டு ஒன்றை எழுதிப் பெயர் பெற்ற சாமுவேல் ஸ்மித் அன்று இரவே அதை வைத்து ஒரு கவிதை எழுத, மறுநாள் வாசித்ததும் மூடும் யோசனை கைவிடப்பட்டது என்பது கதை. ஒரு மிஷன் நிலைத்ததற்குக் கவிதை காரணம் என்பதில் நம்மைப் போன்றவர்களுக்குச் சந்தோஷம் வரலாம். கவிதை நல்ல கவிதையாக இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

1854 ஜனவரி முதல் தேதி விடியற்காலையில், நெல்லூரிலிருந்து வந்திருந்த லைமன் ஜூவெட், அவர் மனைவி, கிறிஸ்டியன் நர்ஸு, ஜூலியா, ரூத் என்று ஐந்து பேர் ஓங்கோல் குன்றின் மேல் ஏறி ஜெபம் செய்தார்கள். குன்றுக்கு ஜெபக் குன்று என்றே பெயர் வந்துவிட்டது. சபைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தக் குன்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஜெபத்துக்குப் பதிலாக ஜான் எவரெட் கிளஃப் வந்தார் என்று அடுத்த அத்தியாயம் போகும். கிளஃப் மின்னசோட்டாவில் நில அளவை வேலை பார்த்தவர். 1866 செப்டம்பரில் ஓங்கோலில் குடியேறினார். 1867 ஜனவரி முதல் தேதி எட்டு அங்கத்தினர்களோடு ஓங்கோல் சபை அமைந்தது. 1882ல் அதே சபையின் ரிஜிஸ்தரில் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். உலகத்திலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று அதைச் சொன்னார்கள்.

எட்டிலிருந்து இருபதாயிரம், பதினைந்து வருஷத்தில். எந்த வட்டி விகிதத்திலும் இது வராது. அந்த எட்டில் இல்லாத ஏதோ ஒரு முதல் இந்தக் கணக்கில் போடப்பட்டிருக்கிறது. அதை மிஷன் கொண்டுவரவில்லை.

4

அந்த முதலுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமானால், எர்ரகுண்ட்ல பேரய்யா.

பேரய்யா மாதிகர். ஓங்கோலுக்கு மேற்கே தாள்ளகொண்டபாடு பக்கத்துக்காரர். தோல் பதனிடுவது, செருப்புத் தைப்பது, தோல் வாங்கி விற்பது தொழில். கிளஃப் ஓங்கோலுக்கு வருவதற்கு முன்பே, 1866ல், ஜூவெட்டைத் தேடி வந்து ஞானஸ்நானம் பெற்றவர். வடக்கே கோதாவரிப் பக்கம் தோல் வியாபாரமாகப் போன இடத்தில் இந்தப் புதிய போதனையைப் பற்றிக் கேள்விப்பட்டார். அதாவது போதனை அவரிடம் குன்றிலிருந்து இறங்கி வரவில்லை, தோல் போகிற பாதையில் வந்தது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. பேரய்யா காலியான பாத்திரமாக ஜூவெட்டிடம் வரவில்லை. அதற்கு முன் பல வருஷங்கள் அவர் ராஜயோக சாதனை செய்தவர். அவருக்கு குரு வீரம்மா என்ற ஒரு பெண். தெலுங்கு நாட்டின் அந்தப் பகுதியில் அப்போது குருமார்களும் மடங்களும் ஜாதியின் அடித்தட்டு வரை கிளைவிட்டிருந்தன. போதுலூரி வீரபிரம்மத்தின் கதைகளில் அவருடைய சீடர்களாக ஒரு முஸ்லிமும் ஒரு மாதிகரும் வருகிறார்கள். விக்கிரகத்தில் ஒன்றுமில்லை, ஜாதியில் ஒன்றுமில்லை, உள்ளே ஒருவன் இருக்கிறான் என்ற பேச்சு மாதிகச் சேரிக்குப் பழையது. பேரய்யாவே பலருக்கு குருவாக இருந்தார். அவர் மாறியபோது அவரை நம்பியிருந்தவர்களும் யோசிக்கத் தொடங்கினார்கள். 1867 ஜனவரியில் கிளஃப் தாள்ளகொண்டபாட்டுக்குப் போனபோது 28 பேர் காத்திருந்தார்கள். அவர்களைச் சேர்த்தது பேரய்யாவின் நடை.

இதெல்லாம் நமக்குத் தெரிய வந்ததற்கு எம்மா ரௌஷன்புஷ் காரணம். மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் பற்றி ஆராய்ந்து ஸ்விட்சர்லாந்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1894ல் கிளஃப்பின் இரண்டாவது மனைவியானார். சமூக நற்செய்தி இயக்கத்தின் வால்டர் ரௌஷன்புஷ் இவருடைய சகோதரர். மாதிகக் கிழவர்களையும் கிழவிகளையும் உட்காரவைத்துக் கேட்டு, 1899ல் 'ஒயில் ஸூயிங் சாண்டல்ஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். செருப்புத் தைத்துக்கொண்டே சொன்ன கதைகள். மிஷனரி மனைவியின் பார்வை அதில் இல்லாமல் இல்லை. ஆனாலும் மதமாற்றத்துக்கு முன் இவர்களுக்கு ஒரு மனம் இருந்தது, அந்த மனத்துக்கு ஒரு சரித்திரம் இருந்தது என்று அந்தக் காலத்தில் எழுத ஒரு நேர்மை வேண்டியிருந்தது.

தனி அனுபவமாக வந்த விசுவாசம் உறவு வழியே பரவியது. மாப்பிள்ளை எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர், தோல் வாங்கும் ஊர். சபையின் வளர்ச்சியை வரைபடத்தில் குறித்தால் அது மாதிகர்களின் சம்பந்தக் கொடியாகத்தான் தெரியும். பக்கத்துச் சேரியிலிருந்த மாலர்களிடம் அதே வேகத்தில் இந்தச் சபை போகவில்லை என்பதற்கு வேறு விளக்கம் இல்லை.

5

ஓங்கோலின் மேல்ஜாதியாருக்கு ஆரம்பத்தில் கிளஃப் மேல் வெறுப்பில்லை. மிஷன் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். சேரி ஆட்கள் வரத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டார்கள். எந்தப் பக்கம் சாய்வது என்ற குழப்பத்தில் கிளஃப்பும் அவருடைய முதல் மனைவி ஹாரியட்டும் ஆளுக்கொரு அறையில் பைபிளைத் திறக்க, இருவருக்கும் ஒரே பகுதி கிடைத்ததாம். அழைக்கப்பட்டவர்களில் அறிவாளிகளும் உயர்குலத்தாரும் அதிகம் இல்லை என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய பகுதி. கதை அளவுக்கு மீறிப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் முடிவு உண்மை. கிளஃப் சேரியைத் தேர்ந்தார். சரியாகச் சொன்னால், சேரி ஏற்கெனவே அவரைத் தேர்ந்திருந்தது. அவர் சம்மதித்தார்.

சேர்கிறவர்களுக்கு மூன்று விதிகள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே. செத்த மாட்டின் மாமிசம் தின்னாதே. விக்கிரகத்தை வணங்காதே. மூன்றும் பார்ப்பதற்குச் சாதாரணமானவை. ஆனால் மாதிகர் கிராமத்துக்குச் செய்ய வேண்டிய ஊழியத்தை இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். செத்த மாட்டை அவர்கள் எடுக்க வேண்டும், தோல் அவர்களுடையது. அந்தத் தோலில் குடியானவனுக்குச் செருப்பும் கமலைச் சாலும் தைத்துத் தர வேண்டும். திருவிழாவில் தப்பு அடிக்க வேண்டும். அறுவடையில் களத்திலிருந்து ஒரு பங்கு தானியம் கிடைக்கும். கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும் என்பது இதன் உயிர்நாடி. வாரத்தில் ஒருநாள் வரமாட்டேன் என்று ஒருவன் சொன்னால், அவன் காலண்டரை மாற்றுகிறான். தன் காலம் தன்னுடையது என்கிறான். அம்மன் கொடைக்குத் தப்பு அடிக்க மாட்டேன் என்று சொன்னால் கிராமத்தின் சடங்கே நின்றுபோகிறது. கர்ணமும் ஊர்த்தலைவரும் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். வேலை நிறுத்தப்பட்டது, தண்ணீர் நிறுத்தப்பட்டது, அடி விழுந்தது. மதமாற்றத்தின் நிஜமான பொருளை இறையியல்வாதிகளுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் கர்ணங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் இழப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் மிஷன் அறிக்கைதான் எழுதுகிறேன் என்று ஆகும். எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட மாதங்கி என்ற மாதிகப் பெண், திருவிழாவில் ஆவேசம் வந்து மேல்ஜாதியார் மேல் எச்சில் உமிழ்ந்து ஏசிக்கொண்டு வருவாள். அவர்கள் தலைகுனிந்து வாங்கிக்கொள்வார்கள். வருஷத்தில் ஒருநாள் தலைகீழாகும் உலகம். மற்ற நாட்களை நிலைநிறுத்த அந்த ஒருநாள் உதவியது என்று வாதிக்கலாம். வாதம் சரியே. என்றாலும் அந்த ஏச்சில் ஒரு மொழி இருந்தது, தப்பின் அடியில் ஒரு லயம் இருந்தது. சபை இரண்டையும் பிசாசின் பக்கம் எழுதி வைத்து, பதிலாக ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தது. கலையைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம், ஒரு ஜனக்கூட்டம் தன் வாத்தியத்தைத் தானே கீழே வைத்த முடிவை எப்படி மதிப்பிடுவோம்? வாசித்தவனுக்கு அது இழிவின் கருவி. கேட்டவனுக்கு அது சங்கீதம். கேட்டவன் பக்கம் நின்றுகொண்டு வருத்தப்படுவது சுலபம்.

6

1876ல் மழை பொய்த்தது. சென்னை ராஜதானி முழுவதும் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். சுகாதார கமிஷனர் கார்னிஷ் அது உயிர் தரிக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். பட்டினிக்கும் ஒரு பதிவேடு இருந்தது.

அப்போது அரசாங்கம் எடுத்த வேலைகளில் பெரியது கால்வாய். அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. கிளஃப் அதில் மூன்றரை மைல் நீளத்தை வெட்டித் தருவதாகக் கான்ட்ராக்ட் எடுத்தார். பழைய அளவைத் தொழில் கைகொடுத்தது. தன் போதகர்களையே மேஸ்திரிகளாகப் போட்டார். மற்ற முகாம்களில் மாதிகன் மேஸ்திரியின் ஏச்சுக்கும் அடிக்கும் கூலிப்பிடிப்புக்கும் ஆளாக வேண்டும். இங்கே மேஸ்திரி தன் ஜாதிக்காரன். வேலை ஓய்ந்த நேரத்தில் மண்மேட்டில் உட்கார்ந்து அவன் கதை சொன்னான். பல கிராமங்களின் மாதிகர்கள் ஒரே இடத்தில், மாதக்கணக்கில், கிராமத்துக்கு ஊழியம் செய்யாமல், கூலி வாங்கிப் பிழைத்த முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அங்கே நடந்த பேச்சுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் விளைவு ஆற்றங்கரையில் தெரிந்தது.

சோற்றுக் குற்றச்சாட்டு இங்கேதான் வருகிறது. தேதிகளைப் பார்க்க வேண்டும். பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, கையில் கூலியும் நிவாரணப் பணமும் இருந்தபோது, கிளஃப் ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினார். கான்ட்ராக்ட் முடிந்து, கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு, 1878 ஜூனில் அவர்கள் கூட்டமாக வந்தார்கள். பணம் கிடையாது, ஊருக்குப் போங்கள் என்றதற்குத் தங்கள் உள்ளங்கைக் காய்ப்புகளைக் காட்டி, உதவி கேட்டு வரவில்லை, உழைத்துப் பிழைத்தோம், இனியும் உழைப்போம், அடுத்த வெள்ளாமையும் பொய்த்துச் செத்தால் கிறிஸ்தவர்களாகச் சாக வேண்டும் என்று சொன்னதாக கிளஃப் எழுதியிருக்கிறார். எழுதியது அவர்தான், ஆகவே அவர் தரப்பு இருக்கும். அதைக் கழித்துவிட்டாலும் தேதிகள் மிஞ்சுகின்றன. சோறு இருந்தபோது பெயர் எழுதப்படவில்லை. சோறு தீர்ந்தபிறகு எழுதப்பட்டது. அந்த வருஷம் டிசம்பர் முடிவதற்குள் 9,606 பேர்.

அப்படியானால் பஞ்சத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. மாடு செத்தது, களத்துப் பங்கு நின்றது, கிராமம் தன் ஊழியக்காரனைக் கைவிட்டது. தலைமுறை தலைமுறையாக இருந்த உடன்படிக்கையைக் குடியானவன்தான் முதலில் முறித்தான். முறிந்த உடன்படிக்கையிலிருந்து வெளியேறுவதை மோசடி என்று சொல்ல அவனுக்கு யோக்யதை இல்லை.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற ஐந்து மைல் கால்வாயும் அதே பஞ்சத்தில், 1877–78ல், அதே மாதிரி கைகள் வெட்டியதுதான். நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

7

இங்கே ஒரு முரண் இருக்கிறது. இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பாப்டிஸ்ட் என்ற கருத்து தனிமனிதனைப் பற்றியது. 1609ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித்தும் கூட்டாளிகளும் தொடங்கியபோது சொன்னது, யாரும் பிறப்பால் கிறிஸ்தவன் ஆவதில்லை, அரசனோ ஊரோ ஒருவனுக்காக விசுவாசிக்க முடியாது என்பது. 1612ல் லண்டனுக்குத் திரும்பி முதல் சபையை நிறுவிய தாமஸ் ஹெல்விஸ், மனச்சாட்சி விஷயத்தில் அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிச் சிறைக்குப் போனார். நம் நவீனத்துவம் பேசுகிற தன்னந்தனி மனிதனுக்கு இவர்கள் ஒருவகையில் பாட்டனார்கள்.

இந்தக் கருத்து தெலுங்கு நாட்டில் வந்து சேர்ந்தது கூட்டமாகவே முடிவெடுக்கிற ஒரு ஜாதியிடம். சேரிப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், முடிவு செய்வார்கள், குடும்பம் குடும்பமாக வருவார்கள். தலைக்குத் தலை கேள்வி கேட்கப்பட்டது உண்மை. பதில் ஏற்கெனவே திண்ணையில் தீர்மானமாகிவிட்டதும் உண்மை. அமெரிக்காவிலேயே இதைச் சந்தேகித்தார்கள். கிளஃப் 1910ல் இறந்தார். அவர் சொல்ல எம்மா எழுதிய வாழ்க்கைச் சரித்திரம் 1914ல் வந்தது. அதன் தலைப்பிலேயே 'சமூகக் கிறிஸ்தவம்' என்ற சொல் இருக்கிறது. தனி ஆத்துமாவைத் தேடி வந்தவர், ஒரு சமூகத்தின் அமைப்பு வழியாகவே போக நேர்ந்தது என்று அதில் ஒப்புக்கொள்கிறார். அறிவார்ந்த தோல்வி என்று இதைச் சொல்லலாம்.

நமக்கு இதில் பாடம் உண்டு. கூட்டத்தோடு வந்தவனுக்குச் சுயம் இல்லை என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். ஒரு மாதிகன் தனியாக வந்திருந்தால் அவன் கதி என்ன? கிணறு இல்லை, பெண் கொடுப்பவர் இல்லை, பிணம் தூக்க ஆள் இல்லை. தனியாக நிற்பதற்கு முதலில் நிற்க ஓர் இடம் வேண்டும். தனிமை ஒரு சொத்து. அது நமக்கு இருக்கிறது. அவர்கள் அந்தச் சொத்தைக் கூட்டுச் சேர்ந்துதான் வாங்க முடிந்தது. வாங்கியதன் ரசீதுதான் அந்த ரிஜிஸ்தர். ஊர்க்கணக்கில் 'மாதிகன் பங்கு' என்று ஜாதியாக மட்டும் எழுதப்பட்டவன், ஆணும் பெண்ணுமாக, ஒவ்வொருவரும் ஒரு பெயரோடு, ஒரு வரியில் எழுதப்பட்டான். வளர்ச்சி என்று நான் இதைத்தான் சொல்வேன். 20,000 என்ற கூட்டுத்தொகைக்கு அதில் இடம் குறைவு.

8

1880களில் புதிய நிலையங்கள் பிரிந்தன. 1890 டிசம்பரிலும் ஒருநாளில் 1,671 பேர் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. அந்த வட்டாரத்து வினுகொண்டாவில் 1895ல், யாதவத் தகப்பனாருக்கும் மாதிகத் தாயாருக்கும், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் குர்ரம் ஜாஷுவா. ஜாதியில் கடையனான ஒருவன் காசியிலிருக்கும் சிவனுக்கு வௌவாலைத் தூது விடுவதாக 1941ல் 'கப்பிலம்' எழுதினார். காளிதாசனின் மேகத்துக்குப் பதில் வௌவால், ஏனென்றால் கோயிலுக்குள் போக அதற்குத் தடையில்லை. பைபிள் பெயரை வைத்துக்கொண்டு மரபு யாப்பில் எழுதிய அவரைத் தெலுங்கு இலக்கியம் ஏற்றுக்கொள்ள நிரம்பத் தயங்கியது.

பிறகு 1950 வந்தது. அட்டவணை ஜாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் அட்டவணை ஜாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956ல் சீக்கியர்களுக்கும் 1990ல் பௌத்தர்களுக்கும் திருத்தம் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு வரவில்லை. ஆந்திராவில் அட்டவணை ஜாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களைப் பிற்பட்ட வகுப்பில் 'சி' பிரிவில் போட்டு ஒரு சதவீதம் ஒதுக்கினார்கள். 1878ல் பெயர் எழுதிக்கொள்ள ஆற்றில் வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், அதே பெயரை மறைத்துக்கொள்ள தாசில்தார் ஆபீசில் வரிசையில் நின்றார்கள். சபைக்கு ஒரு பெயர், சர்டிபிகேட்டுக்கு ஒரு பெயர். என் கௌண்டருக்கு வந்த இரண்டு பெயர்களின் சரித்திரம் இதுதான். இந்த விதியால், சபை வளர்ந்ததா தேய்ந்ததா என்று சர்க்கார் கணக்கை வைத்து இனி யாரும் சொல்லவும் முடியாது.

ஜாதி மட்டும் எந்தப் பதிவேட்டையும் மதிக்கவில்லை. ஓங்கோலைத் தலைநகராகக் கொண்ட அன்றைய பிரகாசம் மாவட்டத்தில், காரம்சேடு கிராமத்தில், 1985 ஜூலை 17ஆம் தேதி ஆறு மாதிகர்கள் கொல்லப்பட்டார்கள். குடிநீர்க் குளத்தில் தொடங்கிய தகராறு. வெட்டியவர்கள் யாருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று என்று விசாரிக்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து, 1994ல், அதே மாவட்டத்தின் ஈதுமூடி கிராமத்தில் மாதிக தண்டோரா இயக்கம் பிறந்தது. தண்டோரா என்றால் பறையறைந்து சொல்வது. கீழே வைக்கப்பட்ட தப்பை மறுபடியும் கையில் எடுத்தார்கள், இந்தத் தடவை தங்கள் சேதியைச் சொல்ல. மந்த கிருஷ்ண மாதிக என்று தலைவர் ஜாதிப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பைபிளிலிருந்தோ தாசில்தாரிடமிருந்தோ வராத மூன்றாவது பெயர். சபை இதை எதிர்பார்த்திருக்காது. ஆனால் தன் பெயரைத் தானே சொல்லி எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கம் அந்த மண்ணில் எந்த ஆற்றங்கரையில் தொடங்கியது என்பதை மறப்பதற்கில்லை.

பத்து நாள் கழித்து அவர் அபிடவிட்டோடு வந்தார். இருபது ரூபாய் பத்திரத்தில், இன்னார் என்கிற இன்னார் என்று டைப் அடித்திருந்தது. கம்ப்யூட்டரில் 'என்கிற'வுக்கு இடமில்லை. எதைப் போடட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதில் பணம் வருமோ அதைப் போடுங்க சார், இன்னொண்ணை நாங்க வெச்சிக்கிறோம்" என்றார். சர்டிபிகேட்டில் இருந்ததைப் போட்டேன்.